பொங்கல் தள்ளுபடியில் வந்த பழைய வண்டி

கோடி ரூபாய் கொடுத்து மின்சார எஸ்யூவி வாங்கப் போகிறவர்களுக்கு இது. வண்டி எந்த மாதம், எந்த ஆண்டில் தயாரானது என்று காகிதத்தில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். கோவையில் முப்பது ஆண்டுகளாகப் பம்ப்செட் தொழில் செய்கிறேன். தகட்டில் பொறித்திருப்பதைப் படிக்காமல் அரைக் குதிரைத்திறன் மோட்டாரைக்கூட வாங்கியதில்லை. அந்தப் புத்தி கார் ஷோரூம் வாசலிலேயே நின்றுவிட்டது.

எனக்கு இது இரண்டாவது மின்சார வண்டி. 2022இல் பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்40 வாங்கினேன். பேட்டரி 76.6 யூனிட், அதில் நமக்குக் கிடைப்பது சுமார் 71. ஏசி போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டினால் 320 கிலோமீட்டர், அவ்வளவுதான். வாங்கும்போதே அதைச் சொல்லித்தான் விற்றார்கள் என்பதால் குறைப்பட்டுக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் சென்னைக்குப் போகும்போதெல்லாம் வழியில் இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. அந்தச் சலிப்பில் அதை மகளுக்குக் கொடுத்துவிட்டு, நூறு யூனிட்டுக்கு மேற்பட்ட பேட்டரியுள்ள வேறொரு ஐரோப்பிய வண்டியைப் பார்க்கப் போனேன். அதன் பெயர் இங்கே வேண்டாம்.

2025 பொங்கல் நேரம். “சார், ஏற்கெனவே மின்சார வண்டி ஓட்டுகிறீர்கள், உங்களுக்கு நான் என்ன சொல்லித்தரப் போகிறேன்?” என்றார் விற்பனையாளர். நான் குளிர்ந்துபோனேன். ஒரே சார்ஜில் 580 கிலோமீட்டர், அரைமணியில் எண்பது சதவீதம், பண்டிகைத் தள்ளுபடி ஒன்பது லட்சம் என்று அடுக்கினார். ஒன்பது லட்சத்தை ஏன் விடுகிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

580 எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. அது டபிள்யூஎல்டிபி என்ற ஆய்வகச் சோதனையின் எண். சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர், ஏசி கிடையாது. சித்திரை வெயிலில், நூறு கிலோமீட்டர் வேகத்தில் எனக்குக் கிடைத்தது 430. அரைமணிக் கணக்கும் அப்படித்தான். நான் நிறுத்திய இடங்களில் பெரும்பாலும் 60 கிலோவாட் சார்ஜர்தான். 120 என்று எழுதியிருந்தாலும் பக்கத்தில் இன்னொரு வண்டி செருகினால் பாதியாகிவிடும். அதில் பத்திலிருந்து எண்பது சதவீதம் ஏற பழைய வண்டிக்கு ஐம்பது நிமிடம் போதும். இதற்கு ஒன்றேகால் மணி நேரம். பெரிய தொட்டி நிரம்ப நேரமாகும் என்பது பம்ப் விற்பவனுக்குத் தெரியாதா என்ன! ஓட்டுவதற்கு என்னவோ இதுதான் சுகம். பின்சீட்டில் என் அம்மா சேலம் வரை தூங்கிக்கொண்டே வருவார்.

ஆறாம் மாதம், சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒரு சார்ஜிங் நிலையத்தில் வண்டியைப் பூட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கதவு திறக்கவில்லை. செயலியில் வண்டியே தெரியவில்லை. சார்ஜரும் பாதியில் நின்றிருந்தது. உதவி எண்ணில் கூப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து ஒரு பையன் வந்தான். அவசரச் சாவியால் கதவைத் திறந்து, பானெட்டைத் தூக்கி, உள்மூடியைக் கழற்றி, சிறிய 12 வோல்ட் பேட்டரியின் மேலிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தான். இந்தச் சிறிய பேட்டரி செத்தால் பெரிய பேட்டரியின் இணைப்பே விழாது. நூறு யூனிட் உள்ளே இருந்தும் பயனில்லை.

“சார், வண்டி எப்போது எடுத்தீர்கள்?”

“இந்த வருடம் ஜனவரியில்.”

“பேட்டரியில் 2023 என்று போட்டிருக்கிறதே” என்றான்.

வீட்டுக்கு வந்ததும் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டிருந்த பதிவுச் சான்றை எடுத்தேன். தயாரிப்பு: அக்டோபர் 2023. பதினைந்து மாதம் எங்கோ நின்று கிடந்த வண்டியைப் புத்தம்புதிது என்று மாலை போட்டு, தேங்காய் உடைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஷோரூமில் கேட்டபோது, “வாரண்டி பதிவு நாளிலிருந்துதானே சார் தொடங்குகிறது, உங்களுக்கு என்ன நஷ்டம்?” என்றார் மேலாளர். நாளை விற்கும்போது வாங்குபவன் தயாரிப்பு ஆண்டைத்தான் பார்ப்பான். நின்றே கிடந்த பேட்டரியும் டயரும் யார் கணக்கு? அதற்குப் பதில் இல்லை. எனக்கு விற்றவர் அங்கே இப்போது வேலையில் இல்லையாம்.

ஆகவே விலைச்சீட்டிலேயே தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் எழுதி முத்திரையிட்டுத் தரச் சொல்லுங்கள். வண்டியைத் தயாரித்த நிறுவனம் தரும் சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22-ஐக் கேளுங்கள். முழுவதும் கட்டி இறக்குமதியான வண்டியென்றால் சுங்க ஆவணத்தையும் காட்டச் சொல்லுங்கள். சேசிஸ் எண்ணின் பத்தாவது எழுத்து பல நிறுவனங்களின் வண்டிகளில் மாடல் ஆண்டைக் குறிக்கும்: ‘P’ என்றால் 2023, ‘R’ என்றால் 2024, ‘S’ என்றால் 2025. முகத்தைச் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். கொடுத்த தொகை 50 லட்சத்தைத் தாண்டுவதால் மாவட்ட ஆணையத்துக்குப் போக முடியாது. சென்னையில் மாநில நுகர்வோர் ஆணையத்தில்தான் வழக்குப் போட வேண்டும், அதுவும் இரண்டு ஆண்டுகளுக்குள். வண்டி இரண்டாவது முறையாகப் பணிமனையில் நிற்கிறது. வக்கீலைப் பார்க்க மகளிடம் பழைய வண்டியைக் கேட்டு வாங்கித்தான் சென்னை போய்வந்தேன், வழியில் இரண்டு முறை நிறுத்தி.