ஹெர்செப்டின் தொடை ஊசி: தோட்டத்துப் பெண்களுக்கு எவ்வளவு உதவும்?

மலேசியாவில், உத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ சிகிச்சைக்குப் போகிறவருக்கு அன்றைய பெரட்டு, அதாவது அன்றைய வேலையும் கூலியும், போய்விடும். மார்பகப் புற்றுநோய்க்கு டிராஸ்டுசுமாப் (ஹெர்செப்டின் என்பது இதன் வணிகப் பெயர்) போடுபவருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடத்தில் 18 தடவை இந்த இழப்பு. டிரிப்பில் ஏற்றும் அதே மருந்தைத் தொடையில் ஊசியாகப் போட்டுக்கொள்ள முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இது எல்லா மார்பகப் புற்றுநோய்க்குமான மருந்து இல்லை. பயாப்சி ரிப்போர்ட்டில் ஹெர்2 என்ற வரியைப் பாருங்கள். இந்த மருந்து தாக்கும் புரதம் அது. 3+ என்றால் பொருந்தும். 2+ என்றால் கட்டியில் செய்யும் மரபணுச் சோதனை ஒன்று மிச்சம் இருக்கிறது. அதன் முடிவு வராமல் எதையும் தீர்மானிக்கக் கூடாது.

தொடை ஊசியில் 5 மில்லியில் 600 மி.கி. மருந்து. எடை பார்க்க வேண்டியதில்லை, முதல் தடவைக்கு அதிக டோஸும் இல்லை. இவ்வளவு நீர்மம் தோலுக்கு அடியில் பரவ, ஹயலுரோனிடேஸ் என்ற நொதியும் அதில் கலந்திருக்கிறது. போட்டு முடிக்க 2 முதல் 5 நிமிடம். டிரிப் என்றால் முதல் தடவை 90 நிமிடம், பிறகு குறைந்தது 30 நிமிடம். 2012இல் வெளிவந்த ஹன்னா ஆய்வில் இரண்டும் பலனில் சமமாகவே இருந்தன.

வலி பெரும்பாலும் போடும் முறையால்தான் வருகிறது. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மருந்து அறை வெப்பத்துக்கு வர வேண்டும். ஊசி முனையைப் போடுவதற்குச் சற்று முன்புதான் மாட்ட வேண்டும், முன்பே மாட்டினால் அடைத்துக்கொள்ளும். அவசரமாகத் தள்ளினால் எரியும். இடத்தொடை, வலத்தொடை என மாற்றி, பழைய இடத்திலிருந்து 2.5 செ.மீ. தள்ளிப் போட வேண்டும். வயிற்றிலோ கையிலோ போடக் கூடாது. கீமோவில் கை ரத்தக் குழாய் கெட்டியாகிப்போனவர்களுக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் கீமோ ஓடும் மாதங்களில் இதனால் நேரம் மிச்சமாகாது. பாக்லிடாக்சல் போன்ற கீமோ மருந்துக்கு எப்படியும் டிரிப் போட வேண்டும், நாற்காலியில் உட்கார வேண்டும். கீமோ முடிந்து டிராஸ்டுசுமாப் மட்டும் தொடரும்போது, ஏறத்தாழ 14 தடவைகளுக்கு, மாற்றிக் கேட்பதே புத்திசாலித்தனம். 

விலையில் டிரிப்தான் பெரும்பாலும் கைகொடுக்கும். அதற்குப் பயோசிமிலர்கள், அதாவது அதற்கு ஈடான மற்ற நிறுவனங்களின் மருந்துகள், வந்துவிட்டன. 50 கிலோ பெண்ணுக்கு டிரிப்பில் முதல் தடவைக்குப் பிறகு 300 மி.கி. போதும், தொடை ஊசியோ எல்லோருக்கும் 600தான். கையிலிருந்து கட்டுகிறவர் இரண்டின் விலையையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் எது கையிருப்பில் உள்ளது என்பதை மருந்தகத்திலேயே கேட்கலாம். டிரிப்தான் உண்டு என்றாலும் மனம் தளர வேண்டாம், சிகிச்சையில் குறைவே இல்லை.

எப்படிப் போட்டாலும் இதயத்தைக் கவனிக்க வேண்டும். தொடங்கும் முன்பும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எக்கோ என்ற இதய ஸ்கேன். எக்கோ தேதி தவறினால் ஊசியும் தள்ளிப்போகலாம், ஆகவே அடுத்த எக்கோ தேதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீங்குவது இரண்டையும் வேலைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள், உடனே போய்க் காட்டுங்கள். ஊசி ஒன்று தவறினால் சீக்கிரமே போட்டுவிட்டு, அதிலிருந்து மூன்று வாரம் எண்ண வேண்டும். டிரிப்பில் ஒரு வாரத்துக்கு மேல் தாமதமானால் மறுபடி முதல் டோஸ் அளவு தேவைப்படும்.

அடுத்து வந்திருப்பது ஃபெஸ்கோ. டிராஸ்டுசுமாபோடு, ஹெர்2வைத் தாக்கும் இன்னொரு மருந்தான பெர்டுசுமாபும் சேர்ந்த தொடை ஊசி அது. முதல் தடவை 8 நிமிடம், பிறகு 5 நிமிடம். டிராஸ்டுசுமாப் என்று தொடங்கி எம்டான்சின், டெருக்ஸ்டெகான் என்று முடியும் மருந்துகள் வேறு. கீமோ மருந்தைச் சுமந்து செல்பவை, டிரிப்பில் மட்டுமே ஏற்றுபவை. பெயரின் முன்பாதி ஒன்றுபோல் இருப்பதால் மாறிப்போனால் ஆபத்து. போடும் முன் புட்டியின் முழுப் பெயரையும் தாதியரைச் சத்தமாக வாசிக்கச் சொல்வது நோயாளியின் உரிமை.

கடைசியாக எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு. ஐந்து நிமிட ஊசி என்று, வந்துபோன நேரத்தைக் காட்டும் டைம் ஸ்லிப் மட்டும் எழுதித் தருவது உண்டு. தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் அது அரைநாளுக்குக்கூடச் செல்லாது. எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், திரும்பிப் போக எத்தனை மணியாகும் என்று டாக்டரைப் பார்க்கும்போதே சொல்லி, முழுநாள் எம்.சி. கேளுங்கள்.