காலை தியானமா, இரவு குடும்ப ஜெபமா?

ஆராதனைக்கு முதலிடம் என்றால், நாளில் எந்த நேரத்தை ஒதுக்குவது? காலைக்குப் பெரிய சாட்சி பைபிளில் மாற்கு 1:35. இயேசு இருட்டோடே எழுந்து தனியிடம் போய் ஜெபித்தார். அதுவும் முந்தின சாயங்காலம் நோயாளிகளைக் கொண்டுவந்து ஊரே வாசலில் கூடிய பிறகு! அலுப்பு என்று சாக்குச் சொல்ல அவருக்கும் இடமிருந்தது. காலையில் மனது தெளிவாக இருக்கும், போனைத் தொடாதவரை.

இரவு ஜெபத்தில் வீடே சேரும். பிள்ளைகள் சங்கீதம் வாசிக்கப் பழகுவார்கள். ஆனால் பாதியிலேயே கொட்டாவி. ஆதிச் சபை ஊழியர்களான பவுலும் சீலாவும் நடுராத்திரியில் சிறையில் பாடினார்கள், சரி. அது தினசரி வழக்கமல்ல.

சங்கீதம் 92 இரண்டு வேளையையும் சொல்கிறது. ஒன்றுதான் முடியுமென்றால் என் ஓட்டு காலைக்கே. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு மட்டும் இரவு. அப்புறம், ஞாயிறு ஆராதனையில் முதல் பாட்டைத் தவறவிடுகிறவர்கள் சனிக்கிழமை சீக்கிரம் படுத்துப் பார்க்கலாம்.