ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைக்கு அட்டோமாக்செட்டின்: ஒரு தாயின் மதிப்பீடு

எங்கள் மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு) இருப்பதை மதுரையில் உள்ள குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவர் உறுதிசெய்தார். நடத்தைப் பயிற்சியும் பள்ளியின் ஒத்துழைப்பும் இருந்தும் அவனால் வகுப்பில் ஈடுகொடுக்க முடியாததால், மருந்தும் தேவை என்று சொல்லி அட்டோமாக்செட்டின் கேப்ஸ்யூலை எழுதிக்கொடுத்தார். ஏ.டி.எச்.டி.க்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் ஸ்டிமுலன்ட் (மூளையைத் தூண்டும் மருந்து) வகையைச் சேராத இந்த மருந்தைத் தேடும் பெற்றோர் பலர், "இது பக்கவிளைவு இல்லாத மருந்து" என்ற எண்ணத்தோடுதான் தேடுகிறார்கள். அந்த எண்ணம் தவறு. இது நல்ல மருந்து. எங்கள் மகனுக்குப் பயன் தந்திருக்கிறது. ஆனால் சரியான காரணம் இருந்தால் மட்டுமே இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்களுக்குக் காரணம் இருந்தது. மகனுக்கு அடிக்கடி கண்ணைச் சிமிட்டுவதும் தோளைக் குலுக்குவதுமான டிக்ஸ் (தன்னையறியாமல் வரும் அசைவுகள்) உண்டு, பதற்றமும் அதிகம். டிக்ஸ் இருந்தாலே ஸ்டிமுலன்ட் மருந்தான மெத்தில்ஃபெனிடேட்டைக் கொடுக்கக்கூடாது என்பதில்லை என்றாலும், இவனுடைய நிலைக்கு அட்டோமாக்செட்டினில் தொடங்குவதே நல்லது என்று மருத்துவர் கருதினார். மற்றொன்று, மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவில் ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் உள்ள மருந்து. அதை விற்கத் தனி உரிமம் வேண்டும். மருந்துச் சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். எனவே எங்கள் ஊரைப் போன்ற சிறு நகரங்களில் பெரும்பாலான மெடிக்கல் கடைகள் அதை வாங்கி வைப்பதே இல்லை. அட்டோமாக்செட்டினுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. சாதாரண மருந்துச் சீட்டைக் காட்டினால் போதும். கையிருப்பு இல்லாவிட்டாலும் கடைக்காரர் ஓரிரு நாளில் வரவழைத்துத் தருகிறார்.

மனச்சோர்வுக்கான மருந்தாக முதலில் ஆராயப்பட்ட இதை, எலி லில்லி நிறுவனம் ஏ.டி.எச்.டி.க்கான மருந்தாகக் கொண்டுவந்தது. 2002-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, ஏ.டி.எச்.டி.க்கென்று அங்கே அனுமதிக்கப்பட்ட முதல் ஸ்டிமுலன்ட் அல்லாத மருந்து இதுவே. நரம்பு செல்கள் வெளியிடும் நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருள் உடனே திரும்ப உறிஞ்சப்படுவதை இது தடுப்பதால், கவனத்தையும் பொறுமையையும் ஆளும் மூளையின் முன்பகுதியில் அதன் அளவு கூடுகிறது. போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தும் ஆபத்து இதில் இல்லை என்பதால், வீட்டில் போதைப் பழக்கம் உள்ள பெரியவர்களோ பதின்பருவத்தினரோ இருக்கும் குடும்பங்களுக்கும் இது பொருத்தமானது.

பலனைப் பொறுத்தவரை, ஸ்டிமுலன்ட் கொடுத்த அன்றே மாற்றம் தெரிவதைப் போல இதில் தெரியாது. நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருக்க வேண்டும். முழுப் பலன் தெரிய மூன்று மாதங்கள்கூட ஆகலாம். இதைத் தொடக்கத்திலேயே மருத்துவர் விளக்கிச் சொல்லியிருக்காவிட்டால், இரண்டாம் வாரத்திலேயே "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்தியிருப்போம். முதல் மாதம் முடியும் நேரத்தில் அவனுடைய கணக்கு நோட்டில்தான் மாற்றம் தெரிந்தது. முன்பெல்லாம் கரும்பலகையில் இருக்கும் கணக்கில் பாதியை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குத் தாவியிருப்பான். கடன் வாங்கிக் கழிக்க வேண்டிய இடங்களில் எண்ணை அடித்துவிட்டு அப்படியே விட்டிருப்பான். இப்போது ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு, தானாகவே மேலிருந்து ஒருமுறை சரிபார்க்கிறான். ஓட்டமும் துள்ளலும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பென்சில் பாக்ஸைத் தொலைப்பதும் நிற்கவில்லை.

மற்ற குழந்தைகளிடமும் பலன் ஸ்டிமுலன்ட் அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 133 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான பகுப்பாய்வில், குழந்தைகளைக் கவனித்த மருத்துவர்களின் மதிப்பீட்டின்படி மெத்தில்ஃபெனிடேட்டின் பயன் அளவு 0.78 ஆகவும், அட்டோமாக்செட்டினின் பயன் அளவு 0.56 ஆகவும் இருந்தன (எண் கூடினால் பயன் அதிகம்). இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பும் மெத்தில்ஃபெனிடேட்டையே முதலில் வைக்கிறது. ஆனாலும் இதில் ஒரு நன்மை உண்டு. சில மணி நேரத்தில் தேய்ந்துவிடும் சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையைப் போலன்றி, ஒரு வேளை கொடுத்தாலே இதன் பலன் காலை எழுவதிலிருந்து இரவுப் படுக்கை வரை நீடிக்கிறது. மாலையில் வீட்டுப்பாடம் செய்யும் நேரம் சண்டையில்லாமல் கழிவது எங்கள் வீட்டுக்குப் பெரிய நிம்மதி.

அளவைக் குழந்தையின் எடையைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். கிலோவுக்கு 0.5 மில்லிகிராமில் தொடங்கி, பொறுத்துக்கொண்டால் 1.2 வரை உயர்த்துவது வழக்கம். 25 கிலோ எடையுள்ள எங்கள் மகனுக்கு 10 மில்லிகிராமில் தொடங்கி, 18-க்கு உயர்த்தி, பலன் தெரிந்ததும் 25 மில்லிகிராமில் நிறுத்திக்கொண்டார் மருத்துவர். கேப்ஸ்யூலைத் திறந்து சோற்றிலோ பாலிலோ கலக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பொடி கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் உண்டாகும். விழுங்கத் தெரியாத குழந்தைகளுக்கு இது பெரிய தடை. கிளினிக்கில் இருந்த செவிலியர் சொன்னபடி, சின்னச் சீரக மிட்டாயை நாக்கில் வைத்துத் தண்ணீரோடு விழுங்கச் சொல்லிப் பழக்கினோம்.

பக்கவிளைவுகள் இருக்கத்தான் செய்தன. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அரை இட்லியோடு மருந்தைப் போட்ட நாட்களில், "அம்மா, வயித்தைப் பெரட்டுதும்மா" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிடுவான். இரவு வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு கொடுக்குமாறு மருத்துவர் மாற்றியதும் குமட்டல் நின்றது. பசி குறைந்திருப்பது இன்னும் முழுமையாகச் சரியாகவில்லை. அதனால் எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒவ்வொரு சந்திப்பிலும் பார்க்கிறார்கள்.

பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. குழந்தைகளிடம் நடத்திய குறுகிய கால ஆய்வுகளில், இம்மருந்தை உட்கொண்டவர்களில் ஆயிரத்தில் சுமார் நான்கு பேருக்குத் தற்கொலை எண்ணம் தோன்றியது. மருந்தில்லாப் போலி மாத்திரை பெற்றவர்களில் எவருக்கும் தோன்றவில்லை. அந்த ஆய்வுகளில் யாரும் உயிரிழக்கவில்லை என்றாலும், 2005 முதல் அமெரிக்காவில் இதன் மருந்துக் குறிப்புத் தாளில் கட்டமிட்ட எச்சரிக்கை இருக்கிறது. ஆகவே தொடக்க மாதங்களிலும் அளவை மாற்றும்போதும் குழந்தையின் பேச்சு, தூக்கம், எரிச்சல் ஆகியவற்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அடுத்தது, அரிதாக ஏற்படும் கல்லீரல் பாதிப்பு. கண் மஞ்சளாவது, சிறுநீர் கருமையாவது, உடல் அரிப்பு போன்றவை தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஸ்டிமுலன்ட் அல்லாத வகையில் வேறு மருந்துகளும் உண்டு. குவான்ஃபசினும் குளோனிடினும் தூக்கத்தையும் ரத்த அழுத்தக் குறைவையும் உண்டாக்கக்கூடியவை. திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறிவிடும் என்பதால் படிப்படியாகவே குறைக்க வேண்டும். குளோனிடின் வீட்டில் இருந்தால் பூட்டியே வைக்க வேண்டும். சிறு குழந்தை ஓரிரு மாத்திரையை விழுங்கினாலும் ஆபத்து. 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற விலோக்சசின் கேப்ஸ்யூலைத் திறந்து மென்மையான உணவின் மேல் தூவிக் கொடுக்கலாம் என்பது உண்மையிலேயே நல்ல வசதி.

தீவிர இதயக் கோளாறோ, குறுங்கோணக் கிளாகோமா என்ற கண் அழுத்த நோயோ உள்ள குழந்தைக்கு அட்டோமாக்செட்டின் ஆகாது. குடும்பத்தில் இருதுருவ மனநோய் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வு மருந்துகளான ஃப்ளூஆக்செட்டின், பராக்செட்டின் ஆகியவை இதன் அளவை ரத்தத்தில் பல மடங்கு உயர்த்திவிடும். நம் ஊர்களில் சளிக்கும் இளைப்புக்கும் சால்புடமால் சேர்ந்த சிரப்பைச் சாதாரணமாக எழுதிவிடுகிறார்கள். அது அட்டோமாக்செட்டினோடு சேரும்போது இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டக்கூடும் என்பதால், காய்ச்சலுக்கு எந்த மருத்துவரிடம் போனாலும் மனநல மருத்துவரின் சீட்டை முதலில் நீட்டிவிடுகிறேன்.