விடுமுறை நாள் தீம் பார்க் ‘பேக்கேஜ்’: முன்பணம் கட்டும் முன் படிக்க வேண்டியது

அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையே வரும் விடுமுறையில், சென்னையை ஒட்டிய ஒரு தீம் பார்க்குக்குக் கும்பகோணத்திலிருந்து நான்கு குடும்பங்கள் சேர்ந்து சென்றோம். எங்களை அழைத்துச் சென்ற டிராவல்ஸ் ஏஜென்ட், ஒரே நுழைவுச்சீட்டை இரண்டு பேருந்துகளுக்கு விற்றிருந்தார். எங்களில் பாதிப்பேர் உள்ளே போனார்கள். மீதிப்பேர் குழந்தைகளோடு வெளியே நின்றோம். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் ஏஜென்டின் பெயரை இங்கே எழுதவில்லை. பூங்காவின் பெயரும் தேவையில்லை; அவர்கள் மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வித்தை எப்படி நடக்கிறது என்பதைப் பொங்கல் விடுமுறைக்கும் கோடை விடுமுறைக்கும் திட்டமிடுகிறவர்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

வாட்ஸ்அப் குழுக்களில் வரும் விளம்பரம் எல்லாருக்கும் பழக்கமானதுதான். ஈ.சி.ஆர். சாலையில் உள்ள பழைய பூங்காக்கள், பூந்தமல்லி, மேட்டுப்பாளையம், 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறக்கப்பட்ட வொண்டர்லா என்று தெரிந்த பெயர்கள் அத்தனையையும் ஒரே படத்தில் அடுக்கி, ஏ.சி. பேருந்து, நுழைவுச்சீட்டு, மதிய உணவு, நீண்ட வரிசையில் நிற்காமல் ரைடில் ஏறும் ‘ஃபாஸ்ட் டிராக்’ எல்லாம் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள். எங்களிடம் கேட்டது தலைக்கு 2,950 ரூபாய். பாதியை முன்பணமாகக் கட்டினால் இடம் உறுதி என்றார். நுழைவுச்சீட்டைப் பூங்காவின் இணையதளத்தில் நாங்களே எடுத்துக்கொள்கிறோம், பேருந்துக்கு மட்டும் பணம் தருகிறோம் என்று நான் தொலைபேசியில் கேட்டபோது, குழுவாக எடுத்தால்தான் விலை குறையும், தனியாக எடுத்தால் அந்தத் தேதிக்குச் சீட்டே கிடைக்காது என்று பதில் வந்தது. சீட்டைப் பயணத்துக்கு முன்பே அனுப்பச் சொன்னேன். முதல் நாள் இரவு அனுப்புவோம், அதுதான் எங்கள் வழக்கம் என்றார்.

அந்த வழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கை இப்போது சொல்ல முடியும். பெரிய பூங்காக்களில் நுழைவுச்சீட்டு ஒரு குறிப்பிட்ட தேதிக்கு உரியது. வார நாள், வார இறுதி, பண்டிகை நாள் என்று விலை மாறும். பண்டிகை நாள் விலையைச் சொல்லி நம்மிடம் வாங்கிய பணத்தை ஏஜென்ட் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை பேர் சேர்கிறார்கள் என்று கடைசிவரை பார்க்கிறார். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் சேர்ந்துவிட்டால், அதற்குள் அந்தத் தேதிக்கான சீட்டு தீர்ந்திருக்கும். அப்போது நாணயமானவர் பணத்தைத் திருப்பித் தருவார். மற்றவர், இருக்கிற சீட்டின் கியூஆர் படத்தையே எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, வாசலில் யார் முந்துகிறார்களோ அவர்கள் போகட்டும் என்று விட்டுவிடுவார். முதல் நாள் இரவு பத்து மணிக்கு மேல் சீட்டு வந்தால் சரிபார்க்க யாருக்கும் நேரம் இருக்காது என்பதும் அந்தக் கணக்கில் அடக்கம்.

பேருந்து நள்ளிரவில் புறப்பட்டது. திண்டிவனம் தாண்டி ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினார்கள். விடிய இன்னும் நேரமிருந்தது. குழந்தைகள் அரைத்தூக்கத்தில் இருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் என்று வந்த இளைஞர் கைப்பேசியில் ஒரு கியூஆர் படத்தைக் காட்டியபடி இருக்கை இருக்கையாக வந்து மீதிப் பணத்தைக் கேட்டார். ஸ்கேன் செய்ததும் என் திரையில் தெரிந்த பெயர் டிராவல்ஸின் பெயர் அல்ல, யாரோ ஒரு தனிநபரின் பெயர். கேட்டதற்கு, “ஓனரோட மச்சான் அக்கவுண்ட் சார், எல்லாரும் இதுலதான் போடுறாங்க” என்றார். பேருந்து கிளம்பும் இடத்தில் கேட்டிருந்தால் நான்கு குடும்பங்களும் இறங்கி வீட்டுக்குப் போயிருப்போம். தேசிய நெடுஞ்சாலையில், இருட்டில், பெண்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு யாரும் இறங்க முடியாது. பாக்கியைக் கேட்கும் இடத்தை அவர்கள் யோசித்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே, பாக்கிப் பணம் எங்கே, எப்போது, எந்தக் கணக்கில் கட்ட வேண்டும் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பூங்கா வாசலில், நுழைவுக் கம்பியருகே நின்ற ஊழியப் பெண் கையடக்க ஸ்கேனரை ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் காட்டிக்கொண்டிருந்தார். முதலில் போன இரண்டு குடும்பங்களுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்ததாக என் மனைவியின் சீட்டுக்குச் சிவப்பு. மறுபடி காட்டச் சொன்னார், மறுபடியும் சிவப்பு. “ஏற்கெனவே உள்ளே போயாச்சுன்னு காட்டுதும்மா” என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். பின்னால் வரிசை நீண்டிருந்ததால் ஓரமாக நிற்கச் சொன்னார். எங்களுக்கு அரைமணி முன்பே, அதே ஏஜென்டின் மயிலாடுதுறைப் பேருந்து வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் கைப்பேசியில் இருந்த படங்களில் சிலவற்றை அவர்களும் வைத்திருந்தார்கள்.

அதன் பிறகுதான் அந்தச் சீட்டுகளைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பதிவு எண் எல்லாவற்றிலும் ஒன்றே; பதிவு செய்தவர் பெயர் இருக்க வேண்டிய மேற்பகுதி வெட்டப்பட்டிருந்தது; மொத்தம் எத்தனை பேருக்கு எடுத்த சீட்டு என்ற வரியும் இல்லை. முழு பிடிஎஃப் கோப்பாக அனுப்பாமல் படமாக வெட்டி அனுப்பியதன் காரணம் அப்போது விளங்கியது. உங்களுக்கு வரும் சீட்டு படமாக மட்டும் வந்தால், அசல் கோப்பைக் கேளுங்கள். அதில் உள்ள பதிவு எண்ணைச் சொல்லிப் பூங்காவின் வாடிக்கையாளர் எண்ணில் விசாரியுங்கள். அந்த எண்ணை ஏஜென்ட் தர வேண்டியதில்லை. பூங்காவின் சொந்த இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கவுண்டரில் புதிதாகச் சீட்டு எடுக்கலாம் என்று போனால், அன்றைய சீட்டு முடிந்துவிட்டது என்று பலகை வைத்திருந்தார்கள். எட்டு வயதுப் பையன் தண்ணீர் விளையாட்டுக்கான நைலான் உடையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டே ஊரிலிருந்து வந்திருந்தான். அப்பா உள்ளே, பிள்ளை வெளியே என்று பிரிந்து நின்ற குடும்பத்தை அன்று அங்கே பார்த்தேன். அவர்கள் மயிலாடுதுறைப் பேருந்தில் வந்தவர்கள். ஒருங்கிணைப்பாளர் இளைஞரின் கைப்பேசி அதற்குள் அணைந்திருந்தது.

உள்ளே போனவர்களின் நிலையும் பெரிய நிலை இல்லை. ‘ஃபாஸ்ட் டிராக்’ என்பது பூங்கா தனியாக விற்கும், தனி விலையுள்ள சீட்டு. எங்கள் சீட்டில் அது இல்லவே இல்லை. கூட்ட நாளில் அது இல்லாமல் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். ஒரு சுற்றுக்கு 20 பேர் ஏறும் ரோலர் கோஸ்டர், ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்து நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 300 பேர்தான் ஏற முடியும். முன்னால் 600 பேர் நின்றால் இரண்டு மணி நேரம் அங்கேயே போய்விடும். ‘எல்லா ரைடும் உத்தரவாதம்’ என்று விடுமுறை நாளுக்கு யாராவது வாக்குக் கொடுத்தால், அந்த வாக்கைப் பூங்கா நடத்துகிறவர்களாலேயே காப்பாற்ற முடியாது.

குழந்தைச் சீட்டு விஷயத்திலும் இதே கதைதான். ஏஜென்ட் 12 வயதுக்கு உட்பட்டோர் என்று வயதைச் சொல்லிக் கட்டணம் வாங்கினார். பல பூங்காக்கள் வயதைப் பார்ப்பதில்லை. வாசலில் அளவுகோலில் உயரத்தைப் பார்க்கின்றன. வயதுக்கு மீறி வளர்ந்த பிள்ளைக்கு அங்கே பெரியவர் கட்டணம் கேட்பார்கள், வேகமான ரைடுகளுக்கு உயரம் குறைந்த பிள்ளையை ஏற்றவும் மாட்டார்கள். பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே அளந்து, அந்தப் பூங்காவின் விதியோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. மதிய உணவு கூப்பன் பூங்காவுக்கு வெளியே இருந்த ஒரு உணவகத்துக்கு உரியது; வெளியே வந்தால் மறுபடி உள்ளே விட மாட்டார்கள் என்பதால் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை.

இனி, வாசலில் நின்றபடி நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன். இந்த நிலைமையில் சிக்குகிறவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்து, பணம் போன யூபிஐ முகவரி, பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைச் சொன்னோம். அவர்கள் தந்த புகார் எண்ணை வைத்து cybercrime.gov.in என்ற மத்திய அரசின் தளத்தில் விவரங்களைப் பதிவேற்றினோம். முன்பணம் கட்டி வாரங்கள் ஆகிவிட்டதால் அது அந்தக் கணக்கை விட்டு எப்போதோ போயிருந்தது. தேநீர்க் கடையில் விடிகாலையில் கட்டிய பாக்கியில் ஒரு பகுதி மட்டும் கணக்கில் இருந்ததால் வங்கி அதை நிறுத்தி வைத்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். நிறுத்தி வைத்த பணம் தானாகக் கைக்கு வந்துவிடாது, தொகையைப் பொறுத்து அதை விடுவிக்க நீதிமன்ற ஆணை தேவைப்படலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பூங்காவின் பணி மேலாளரிடம் சண்டை போடாமல், எழுத்தில் ஒன்று மட்டும் கேட்டோம்: இந்தப் பதிவு எண்ணுக்கு எத்தனை பேருக்குச் சீட்டு எடுக்கப்பட்டது, அவை எத்தனை மணிக்கு ஸ்கேன் செய்யப்பட்டன. பதிவு செய்தவரின் விவரத்தைத் தர மறுத்தார்; அது அவர்கள் விதி, அதை மதிக்கிறேன். எண்ணிக்கையையும் நேரத்தையும் மின்னஞ்சலில் அனுப்பினார். எங்கள் கையில் இருப்பதிலேயே வலுவான சான்று அந்த மின்னஞ்சல்தான். அதை வாங்காமல் வாசலை விட்டு நகர்ந்திருந்தால், ‘எல்லாருக்கும் சீட்டு கொடுத்தேன், அவர்கள் தாமதமாகப் போனார்கள்’ என்று ஏஜென்ட் பின்னால் சொன்னதற்கு எங்களிடம் பதில் இருந்திருக்காது. அவர் அப்படித்தான் சொன்னார்.

ஊர் திரும்பியதும் காவல் நிலையத்தில் இது பணத் தகராறு, சிவில் விவகாரம் என்றார்கள். ஒரே சீட்டை இருவருக்கு விற்பது ஏமாற்றுதல். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. மனுவை வாங்கிக்கொண்டு, பெற்றதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது தரும்வரை நாங்கள் அங்கிருந்து வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதிந்தோம். ஏஜென்ட் அதற்குப் பதிலே அனுப்பாததால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஏஜென்ட் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சில ஆயிரம் ரூபாய்க்கு யார் அலைவது என்று நாம் விட்டுவிடுவோம் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

ஏஜென்டின் ரசீதில் ஒரு ஜிஎஸ்டி எண் அச்சிடப்பட்டிருந்தது. ஜிஎஸ்டி எண்ணில் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக மொத்தம் 15 இருக்கும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் உள்ளீடு செய்தால் யாருடைய நிறுவனம் என்பதும் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் இலவசமாகத் தெரியும். எங்கள் ரசீதில் இருந்த எண்ணுக்கு அந்தத் தளத்தில் நிறுவனமே இல்லை. அதே போல, பேருந்தின் எண் பலகை மஞ்சளா வெள்ளையா என்று ஏறும் முன் பாருங்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டினால் அனுமதியும் இல்லை, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடவும் கூடும். எங்கள் பேருந்து மஞ்சள் பலகைதான். ஓட்டுநருக்கும் ஏஜென்ட் பாக்கி வைத்திருந்தும், அவர் எங்களை நடுவழியில் விடாமல் ஊர் கொண்டு வந்து சேர்த்தார். அந்த நல்ல மனிதருக்கு எங்கள் நன்றி.

அதே வாரத்தில் அந்த ஏஜென்டிடம் பணம் கட்டிய குடும்பங்கள் டெல்டா மாவட்டங்களில் இன்னும் பல இருக்கின்றன. ஒரே குறை உள்ள பலர் சேர்ந்து, ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகத் தாக்கல் செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்படிச் சேர நினைப்பவர்கள், அவர் அனுப்பிய சீட்டுப் படங்களையும் குரல் பதிவுகளையும் அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் செய்திகள் தானாக மறையும் வசதி இயக்கப்பட்டிருந்தால், அதை அணைத்தாலும் முன்பே வந்த செய்திகள் மறைந்துவிடும்; இன்றே அவற்றைச் சேமித்துவிடுங்கள். அவர் குழுவை விட்டு உங்களை நீக்கிவிட்டாலும் பழைய உரையாடல் உங்கள் கைப்பேசியில் இருக்கும். அதை முழுமையாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் சேமித்து வையுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையில் அந்தப் பரிவர்த்தனை உள்ள பக்கத்தை வங்கி முத்திரையோடு வாங்கி வைத்துக்கொண்டால், தாக்கல் செய்யும் நாளில் வேறு அலைச்சல் இருக்காது.