ஸ்டீராய்டும் ரத்தக் கொழுப்பும்: மாற்றுவதா, மாத்திரை சேர்ப்பதா, நிறுத்துவதா?

தசையைப் பெருக்க அனபாலிக் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவரின் ரத்தக் கொழுப்பு அறிக்கையில் இரண்டு எண்கள் எதிரெதிர்த் திசையில் நகர்வது வழக்கம்: நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். சரியும், தமனிச் சுவரில் படியும் எல்.டி.எல். ஏறும். அடுத்து என்ன செய்வது என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன. மாத்திரை வடிவ ஸ்டீராய்டை விட்டு ஊசிக்கு மாறலாம். ஸ்டீராய்டைத் தொடர்ந்தபடியே, எல்.டி.எல்.-ஐக் குறைக்கும் ஸ்டாடின் போன்ற மருந்தைச் சேர்க்கலாம். மீன் எண்ணெய், நியாசின் முதலிய துணைப்பொருள்களை நம்பலாம். அல்லது முழுவதுமாக நிறுத்தலாம். ஒன்றுக்கு ஒன்று ஈடு என்பதுபோல இவை பேசப்பட்டாலும், ஒவ்வொன்றும் குறைக்கும் ஆபத்து வேறு, தொடாமல் விடும் ஆபத்து வேறு. எதைத் தொடாமல் விடுகிறது என்பதை வைத்தே இவற்றை எடைபோடுவது நல்லது.

மாத்திரையா, ஊசியா என்பதற்குத்தான் மிகத் தெளிவான சான்று கிடைக்கிறது. 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், பளு தூக்கும் ஆண்கள் 11 பேருக்கு ஆறு வாரம் ஸ்டானோசோலால் மாத்திரையும், வேறு ஆறு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் தரப்பட்டன. நாளொன்றுக்கு 6 மி.கி. என்ற சிறிய அளவிலேயே மாத்திரை எச்.டி.எல்.-ஐ 33 விழுக்காடு குறைத்தது, எல்.டி.எல்.-ஐ 29 விழுக்காடு உயர்த்தியது. வாரத்துக்கு 200 மி.கி. ஊசி எச்.டி.எல்.-ஐ 9 விழுக்காடு மட்டுமே குறைத்ததோடு, எல்.டி.எல். 16 விழுக்காடு இறங்கவும் செய்தது. இந்த வேறுபாட்டின் வேர் கல்லீரலில் இருக்கிறது. வாய்வழி ஸ்டீராய்டுகள் கல்லீரலில் எளிதில் சிதையாதபடி வேதியியல் மாற்றம் செய்யப்பட்டவை. குடலிலிருந்து நேரே அங்கே சென்று, எச்.டி.எல்.-ஐச் சிதைக்கும் லைப்பேஸ் நொதியை முடுக்கிவிடுகின்றன. டெஸ்டோஸ்டிரோனோ ஓரளவு ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் அந்தச் சேதம் சற்றே ஈடுசெய்யப்படுகிறது. மார்பு வீங்கிவிடும் என்ற அச்சத்தில், ஈஸ்ட்ரோஜனாக மாறுவதைத் தடுக்கும் அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரையைத் தாராளமாக விழுங்குபவர்கள், ஊசியால் கிடைக்கும் இந்தச் சலுகையைத் தாங்களே கைவிடுகிறார்கள். ஸ்டீராய்டே அல்ல என்ற பெயரில் விற்கப்படும் சார்ம் வகை மாத்திரைகளும் எச்.டி.எல்.-ஐக் குறைக்கவே செய்கின்றன என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே, ரத்தக் கொழுப்பை மட்டும் பார்த்தால் வாய்வழி மாத்திரையை விடுவதுதான் மிகப் பெரிய ஆதாயம். வேறு எந்த மாத்திரையைச் சேர்த்தாலும் அந்த அளவு திரும்பக் கிடைப்பது கடினம். ஆனால் அந்த ஆய்வில் தரப்பட்ட ஊசி, மருத்துவச் சிகிச்சையில் தரப்படும் அளவை ஒட்டியது. அதைப் பல மடங்காக்கிக்கொண்டு, ஊசி என்றால் கொழுப்பு கெடாது என்று அதே ஆய்வைத் துணைக்கு அழைப்பது நேர்மையான வாதம் ஆகாது.

ஸ்டாடினுக்கு வருவோம். எல்.டி.எல்.-ஐக் குறைப்பதில் இதன் வலிமையைப் பற்றி ஐயமில்லை: உயர் அளவு அட்டோர்வாஸ்டாடின் அல்லது ரோசுவாஸ்டாடின் அதை ஏறத்தாழப் பாதியாக்கும். எல்.டி.எல். 39 மி.கி./டெ.லி. குறையும் ஒவ்வொரு முறையும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பல சோதனைகளின் தொகுப்பில் தெரியவந்தது. ஸ்டாடினின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 6 விழுக்காடு அளவே என்பதால், மேலும் குறைக்க வேண்டியவருக்கு எசெட்டிமைப் சேர்ப்பதே மேலானது. அது குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுத்து, மேலும் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைக்கிறது, தசையையும் பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை.

சிக்கல் வேறோர் இடத்தில் எழுகிறது. கடுமையாக எடை தூக்குபவரின் ரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் என்ற தசை நொதி இயல்பாகவே உயர்ந்திருக்கும்; கல்லீரல் சோதனையில் பார்க்கப்படும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. நொதிகளும் தசையிலிருந்தே கசியக்கூடும். அப்படியிருக்க, ஸ்டாடினால் தசை பாதிக்கப்படுகிறதா, வாய்வழி ஸ்டீராய்டால் கல்லீரல் பாதிக்கப்படுகிறதா, நேற்றைய பயிற்சியின் விளைவா என்று பிரித்தறிவது மருத்துவருக்கே கடினமாகும். சில நாள் பயிற்சியை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுப்பதும், தசையிலிருந்து வராத ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதியைச் சேர்த்துப் பார்ப்பதும் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கும். பிற மருந்துகளோடு மோதும் வாய்ப்பு சிம்வாஸ்டாடினைவிட ரோசுவாஸ்டாடினுக்குக் குறைவு. இதோடு இன்னொன்றும் உண்டு: ஸ்டாடினின் நன்மையை நிலைநாட்டிய பெரிய சோதனைகள் ஸ்டீராய்டு எடுப்பவர்களைக் கொண்டு நடத்தப்பட்டவை அல்ல, பிறரிடம் கண்ட பலன் இவர்களிடமும் அப்படியே கிடைக்கும் என்பது ஊகம்தான், நியாயமான ஊகம் என்றாலும்.

துணைப்பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நியாசின் எச்.டி.எல். எண்ணை உயர்த்துகிறது, ஆனால் 25,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2014-இல் வெளியான சோதனையில், ஸ்டாடினோடு அதைச் சேர்த்தபோது மாரடைப்பு குறையவில்லை, பக்கவிளைவுகள்தாம் கூடின. எச்.டி.எல்.-ஐ உயர்த்த உருவாக்கப்பட்ட டார்செட்ராபிப் இறப்புகளைக் கூட்டியதால் 2006-இல் கைவிடப்பட்டது. எண்ணை உயர்த்துவதும் தமனியைக் காப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மீன் எண்ணெய் முதன்மையாக டிரைகிளிசரைடு என்ற வேறு வகை ரத்தக் கொழுப்பைக் குறைப்பது. ஸ்டீராய்டால் கெடுவது பெரும்பாலும் அது அன்று. சிவப்பு ஈஸ்ட் அரிசி இயற்கையானது என்று விற்கப்படுகிறது. அதில் வேலை செய்யும் மோனகோலின்-கே, லோவாஸ்டாடின் என்ற மருந்தேதான், அளவு மட்டும் புட்டிக்குப் புட்டி மாறும். ஸ்டாடின் வேண்டாம் என்று இதை நாடுபவர் அளவு தெரியாத ஸ்டாடினையே விழுங்குகிறார். இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்து சிறிதளவு உதவும், தீங்கும் இல்லை.

இதுவரை சொன்ன அனைத்தும் ரத்தக் கொழுப்பைப் பற்றியவை. ஸ்டீராய்டு இதயத்தைத் தாக்கும் வழி அது ஒன்றுதானா? 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்த 86 பேரையும் எடுக்காத 54 பேரையும் ஒப்பிட்டது. எடுக்காதவர்களின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் உள்ள ரத்தத்தில் 63 விழுக்காட்டை வெளியே தள்ளியது. எடுத்தவர்களிடம் அது 52 விழுக்காடாக இருந்தது. ரத்த அழுத்தம் கூடுகிறது, சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் தடிக்கிறது, இதயத் தசை பருக்கிறது. இவற்றில் எதையும் ஸ்டாடின் சரிசெய்யாது. ஊசிக்கு மாறுவதும் சரிசெய்யாது. எல்.டி.எல். 70-க்குக் கீழ் இருக்கிறது என்று நிம்மதி அடைபவர் 150/95 என்ற ரத்த அழுத்தத்தோடு நடமாடினால் அந்த நிம்மதிக்குப் பொருளில்லை. டெல்மிசார்டன் போன்ற மலிவான அழுத்த மாத்திரை, இவருக்குப் பல துணைப்பொருள்களைவிட அதிகம் செய்யும் என்பது என் மதிப்பீடு.

நிறுத்துவது மட்டுமே இத்தனை வழிகளிலும் வேலை செய்கிறது. எச்.டி.எல். சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். மேற்சொன்ன ஆய்விலேயே, அப்போது நிறுத்தியிருந்தவர்களின் இதயத் திறன் 58 விழுக்காடாகவும், எடுத்துக்கொண்டிருந்தவர்களுடையது 49 விழுக்காடாகவும் இருந்தது. தமனியில் ஏற்கெனவே படிந்தது மட்டும் நிறுத்துவதால் கரைந்துவிடாது. அங்கேதான் ஸ்டாடினுக்கு, நிறுத்திய பிறகும், உண்மையான வேலை இருக்கிறது. நிறுத்துவதற்கும் விலை உண்டு: உடலின் சொந்த டெஸ்டோஸ்டிரோன் மாதக்கணக்கில் தாழ்ந்து, சோர்வும் மனச்சோர்வும் வாட்டும், பலர் மீண்டும் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். எனவே நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் துணையோடு நிறுத்துவதே நீடிக்கும். ஸ்டீராய்டு எடுக்கும் சுற்றுகளுக்கு இடையே, நிறுத்தாமல் குறைந்த அளவில் தொடர்வது இந்தச் சோர்வைத் தவிர்க்கும். ஆனால் இதயத்துக்கு ஓய்வே கிடைக்காத ஏற்பாடு அது. டென்மார்க்கில் உடற்பயிற்சிக் கூடச் சோதனைகளில் ஸ்டீராய்டு எடுத்ததாகப் பிடிபட்ட 1,189 ஆண்களைப் பின்தொடர்ந்து 2024-இல் வெளியான ஆய்வில், அவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது.

இப்போதைக்கு நிறுத்தப்போவதில்லை என்பவர், வாய்வழி மாத்திரையை முதலில் விட்டு, அளவைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை வீட்டிலேயே அளந்து, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமட்டோக்ரிட்டையும், இதயத்தின் எக்கோ ஸ்கேனையும் பார்த்து, அதன் பிறகே ஸ்டாடினைப் பற்றி மருத்துவரிடம் பேசுவது சரியான வரிசை. எல்.டி.எல்.-ஐவிட, தமனியில் படியும் கொழுப்புத் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அப்போ-பி நம்பத்தக்க அளவுகோல். பரம்பரையாக வரும் ஆபத்தைக் காட்டும் லிப்போபுரோட்டீன்-ஏ, ஸ்டீராய்டு எடுக்கும்போது பொய்யாகத் தாழ்ந்து தெரியும்; இளவயதினரிடம் இதயத் தமனியின் கால்சியம் ஸ்கேன் பூஜ்ஜியம் காட்டினாலும், சுண்ணாம்பேறாத மென்மையான படிவு இருக்கக்கூடும். மருத்துவரிடம் மருந்தின் பெயரையும், கடைசியாக எடுத்த நாளையும் மறைக்காமல் சொல்லாவிட்டால், இந்த எண்கள் எதையும் அவரால் சரியாகப் படிக்க முடியாது.