டிவிடி ரைட்டர் ஸ்லோவா ஓடுதா? 3,450 ரூபாயைத் தூக்கிக் கொடுக்கும் முன் இதைப் படிங்க

3,450 ரூபாய். டிவிடி எழுத நேரமாகிறது என்று மதுரை மாசி வீதிகளை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் நான் கொடுத்த பணம். கோளாறு இருந்ததோ ஒரு கேபிளில். இன்றைக்குத்தான் முழு விவரமும் தெரிந்தது. வயிறு எரிகிறது. அடுத்தவர்கள் ஏமாறக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்தில் யார் டிவிடி எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். அய்யனாருக்கு மண் குதிரை எடுக்கும் திருவிழாவான புரவி எடுப்பு முடிந்த ராத்திரியே வீடியோ வாட்ஸ்அப்பில் சிங்கப்பூர் வரை போய்விடும். ஆனால் ஊரில் இருக்கிற சித்தப்பா, பெரியம்மா வீடுகளில் டிவிடி பிளேயர்தான். "போன்ல என்னத்தத் தெரியுது, தட்டாக் குடுத்தா"  என்பார்கள். அதற்காகவே எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்திருக்கிறேன். விண்டோஸ் எக்ஸ்பி, நெட் கிடையாது. 8 எக்ஸ் வேகத்தில் ஒரு தட்டு பத்து நிமிஷத்தை ஒட்டி முடிந்துவிடும், ஒரு நாளும் தொல்லை கொடுத்ததில்லை.

இந்தத் தடவை அரை மணி ஆகியும் பாதி கூடத் தாண்டவில்லை. மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தது. எழுதும்போது திரையில் பஃபர் என்று, தட்டில் ஏறக் காத்திருக்கும் தகவலைக் காட்டும் ஒரு பட்டை வருமே, எப்போதும் நிறைந்தே நிற்கும், அது காலியாவதும் நிறைவதுமாக இருந்தது. டிவிடியில் 1 எக்ஸ் என்றால் வினாடிக்குச் சுமார் 1.38 எம்பி. அந்த வேகத்தில் முழுத் தட்டு எழுத ஒரு மணி நேரம் பிடிக்கும். 8 எக்ஸ் என்று போட்டுவிட்டு நான் கிட்டத்தட்ட அந்தக் கதிக்கு வந்திருந்தேன்.

ஆட்டோவில் பெட்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். கடையில் நல்ல மரியாதை, அதைச் சொல்லியாக வேண்டும். "வாங்கக்கா, உக்காருங்க" என்று ஃபேனை என் பக்கம் திருப்பினார் அந்தத் தம்பி. டீ வந்தது. பக்கத்து மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தார். மவுஸ் திக்குகிறதா, எப்போதிருந்து இப்படி என்று ஒரு கேள்வி இல்லை. "லென்ஸ் செத்துருச்சுக்கா. புது ரைட்டர் போட்டாத்தான் சரியா வரும். போர்டுலயும் சின்ன வேலை இருக்கு, வச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் சாயங்காலம் போனபோது என் கண் முன்னாலேயே ஒரு தட்டைப் போட்டு எழுதிக் காட்டினார். உண்மையிலேயே வேகம். கையில் இருந்த டீ ஆறுவதற்குள் தட்டு வெளியே வந்துவிட்டது. "பாத்தீங்களாக்கா, இனி நாலஞ்சு வருசத்துக்கு இந்தப் பக்கம் வர மாட்டீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் பர்ஸைத் திறந்தேன். ரைட்டர் 1,650, போர்டு சர்வீஸ் 1,200, விண்டோஸ் சர்வீஸ் 600. கூட்டினால் 3,450. ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், மேலே எஸ்டிமேட் என்று அச்சடித்த சீட்டு. பழைய ரைட்டரைக் கேட்டேன். "அது ஸ்கிராப்ல போயிருச்சுக்கா."

வீட்டில் முதல் தட்டு நன்றாகத்தான் எழுதியது. அடுத்ததில் இழுக்க ஆரம்பித்தது. அதற்கடுத்தது பழைய கதையேதான், மவுஸ் திக்குவது உட்பட.

போன் பண்ணினால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். முதலில், தட்டு கம்பெனி சரியில்லை, வேறு வாங்குங்கள். வாங்கினேன். அப்புறம், உங்கள் ஏரியாவில் லோ வோல்டேஜாக இருக்கும். அப்புறம், டெக்னீஷியன் லீவு. அந்த டெக்னீஷியன் யார் என்றே தெரியவில்லை, கடையில் நான் பார்த்தது இவர் ஒருவரைத்தான். கடைசியில், "அக்கா, உங்களுக்குச் சொன்னா இதெல்லாம் புரியாது, பெட்டியைக் கொண்டு வாங்க, சர்வீஸ் சார்ஜ் மட்டும் குடுங்க." 3,450 வாங்கின வாய்தான் இன்னொரு சார்ஜும் கேட்டது.

என் அண்ணன் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவனிடம் புலம்பினேன். விண்டோஸின் டிவைஸ் மேனேஜருக்குள் போய், ஐடிஇ (டிரைவ்களைப் பட்டை கேபிளில் மதர்போர்டோடு இணைக்கும் பழைய முறை) கன்ட்ரோலர் என்று இருக்கும் பகுதியில், ரைட்டர் இணைந்திருக்கும் செகண்டரி சேனலைத் திறந்து பார்த்தவன், "அத்தே, இது பிஐஓ மோடுல கெடக்கு" என்றான். விஷயம் இதுதான். சாதாரணமாக டிரைவும் மெமரியும் பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேரடியாகத் தகவல் மாற்றிக்கொள்ளும், அது டிஎம்ஏ. அந்த வழியில் தகவல் கெட்டுப்போய் வந்தாலோ, பதில் வராமல் நின்றாலோ விண்டோஸ் கணக்கு வைக்கும். எக்ஸ்பியில் மொத்தம் 6 பிழை சேர்ந்தால் வேகத்தை ஒரு படி இறக்கும். அப்படியே இறங்கி இறங்கிக் கடைசியில் பிஐஓவில் விழுந்துவிடும். அங்கே ஒவ்வொரு துளியையும் பிராசஸரே சுமக்க வேண்டும். அதனால்தான் மவுஸ் திக்குகிறது, பஃபர் காலியாகிறது.

பிழை எங்கிருந்து வந்தது? ரைட்டருக்குப் போகும் பட்டை கேபிளில். பெட்டி மூடி அழுத்தி ஓரமாக மடிந்து, மடிப்பில் வெளுத்துப் போயிருந்தது. அதுவும் பழைய 40 கம்பி கேபிள். கடையில் ரைட்டரை மாற்றியவர் அதே கேபிளைத்தான் திரும்பச் செருகியிருக்கிறார். வேறு ரைட்டர் என்றதும் விண்டோஸ் கணக்கைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறது, கடையில் வேகமாக எழுதியது அதனால்தான். வீட்டில் பிழை சேரச் சேரத் திரும்பவும் இறங்கிவிட்டது.

அவன் செய்தது, ஒரு 80 கம்பி கேபிள் வாங்கி வந்து போட்டான், பழைய பார்ட்ஸ் கடையில் 50 ரூபாய். நீல முனை மதர்போர்டில், கறுப்பு முனை ரைட்டரில். செகண்டரி சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தான். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டது, மோடு அல்ட்ரா டிஎம்ஏ என்று மாறிவிட்டது. அவ்வளவுதான் வேலை.

கேபிளை மாற்றும்போது ரைட்டரை வெளியே இழுத்தான் பாருங்கள், அங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. திருகாணி ஓட்டைகளைச் சுற்றிக் கீறல். பக்கவாட்டில் பாதி கிழித்த வாரண்டி ஸ்டிக்கர், வேறு ஏதோ கடையுடையது, அதில் 2012 என்று பேனாவில் எழுதியது அப்படியே இருக்கிறது. புது ரைட்டராம், 1,650 ரூபாயாம்! ஐடிஇ ரைட்டர்கள் உற்பத்தி நின்று பல வருஷம் ஆகிறது என்று பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் பழைய ரைட்டர் இப்போது யார் வீட்டில் புது ரைட்டராக ஓடுகிறதோ.

ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். ஃபேன் திரும்பவில்லை, டீயும் வரவில்லை. "புதுசுன்னு நான் சொல்லலையே, வேற ரைட்டர்னுதானே சொன்னேன்" என்கிறார். போர்டில் 1,200 ரூபாய்க்கு என்ன செய்தீர்கள் என்றால், "அது உள்வேலைக்கா." எனக்கு முன்னால் ஒரு பெரியவர் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். அவரிடமும் லென்ஸ் போய்விட்டது என்றுதான் இந்தத் தம்பி சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது என் மெசேஜுக்கு ஒற்றை டிக்கோடு சரி.

டிப்ஸ் எழுதுகிறேன் என்று நினைத்தேன், கோபத்தில் நாலுதான் வருகிறது. மவுஸ் திக்கினால் முதலில் அந்த மோடைப் பாருங்கள், ரைட்டரைக் கழற்ற விடாதீர்கள். வீடியோ பென்டிரைவில் இருந்தால் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டு எழுதுங்கள், பழைய யுஎஸ்பி 1.1 போர்ட் வினாடிக்கு 1 எம்பி தருவதே பெரிய பாடு. ஒரு கம்பெனித் தட்டு மட்டும் இழுத்தால் அது தட்டின் குறையாக இருக்கலாம், மாற்றிப் பாருங்கள். கடையில் கொடுத்தால் பழைய பார்ட்டைக் கையோடு கேளுங்கள், சீரியல் நம்பர் போட்ட பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது. நான் நாளைக்கு நுகர்வோர் உதவி எண் 1915இல் கூப்பிட்டுப் பார்க்கப் போகிறேன். அந்தத் துண்டுச் சீட்டும் ஸ்டிக்கர் படமும்தான் கையில் இருக்கிறது, 3,450இல் எவ்வளவு திரும்பும் என்று பார்ப்போம்.