நீல வாயைப் பார்த்து ஏமாந்தேன்: பேனல் யூஎஸ்பி கேபிள் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டத்துக் கோயில்களுக்குப் பாட்டுப் பெட்டி செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. ஆம்பிளிபையரும் ஒரு குட்டி கம்ப்யூட்டரும் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். ஹார்ட் டிஸ்க் செருக முகப்புத் தகட்டில் ஒரு யூஎஸ்பி வாய் வேண்டும். இதற்கென்றே இரண்டு பக்கமும் ஸ்குரு காது வைத்த எக்ஸ்டென்ஷன் கேபிள் விற்கிறார்கள்.

வழக்கமாக வாங்கும் கடையில் சரக்கு இல்லை. ஆன்லைனில் ஒருவர் ‘யூஎஸ்பி 3.0, சுத்தச் செம்பு, ஒரு மீட்டர்’ என்று போட்டிருந்தார். ஒன்று 18 வெள்ளி (ரிங்கிட்). ஆறு எடுத்தேன். வேகமான 3.0 வகைக்கு வழக்கமாக வாய் நீலமாக இருக்கும்; இதுவும் நீலமாக இருந்ததால் மேற்கொண்டு பார்க்கவில்லை. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

முதல் கோளாறு காதில். ஸ்குருவுக்கு ஸ்குரு 30 மில்லிமீட்டர் என்று போட்டிருந்ததை நம்பி, சரக்கு வருவதற்கு முன்பே தகட்டில் ஓட்டை போட்டுவிட்டேன். வந்தது 28. அரம் வைத்து ராவி ஒருவழியாக உட்கார வைத்தேன்.

மாரியம்மன் திருவிழாவுக்கு முதல் நாள் பெட்டியைத் தோட்டத்தில் இறக்கினோம். பாட்டு நாலு வரி ஓடும், நிற்கும். டிஸ்க் உள்ளே டிக் டிக்கென்று தட்டும். கோயில் தலைவர் தானே ஒரு தடவை பிடுங்கிச் செருகிப் பார்த்தார். ‘டொக்’. யூஎஸ்பி வாய் பெட்டிக்குள் போய்விட்டது. காதில் பதித்திருந்த பித்தளை நட்டு ஸ்குருவோடு சேர்ந்து வெளியே தொங்குகிறது. “என்ன தம்பி, அம்மாளுக்குச் செய்ற பெட்டி இப்படியா?” என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று ராத்திரி மூடியைத் திறந்து, டிஸ்க்கை நேராக உள்ளேயே செருகி ஒப்பேற்றினேன். பாட்டு நிற்கவே இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது, குற்றம் கேபிளில்தான்.

பட்டறைக்கு வந்து ஒன்றைப் பிளேடால் கீறினேன். 3.0 என்றால் ஒன்பது கம்பி இருக்க வேண்டும். இதில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை, அவ்வளவுதான். அதாவது பழைய 2.0, நொடிக்கு 5 கிகாபிட் எங்கே, 480 மெகாபிட் எங்கே. வேகம் கிடக்கட்டும், பாட்டுக்கு அது போதும். கரண்ட் கம்பிதான் மோசம்: முடி போல ஏழெட்டு இழை. மேல்பூச்சைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம். ஈயம் வைத்தால் ஒட்டாமல் உருண்டு ஓடுகிறது. டிஸ்க் சுழலும்போது மீட்டர் வைத்துப் பார்த்தேன்: கம்ப்யூட்டர் பக்கம் 5.0 வோல்ட், வாய்ப் பக்கம் 4.3. டிஸ்க்குக்குக் கரண்ட் கூடுதலாக வேண்டும்; பென் டிரைவ் போட்டால் ஓடும், டிஸ்க் போட்டால் படுத்துவிடும். அதனால்தான் பட்டறையில் பென் டிரைவ் வைத்துச் சோதித்தபோது கோளாறு தெரியவில்லை.

படமெடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். “எல்லாருக்கும் நல்லா ஓடுதுண்ணே, உங்க பெட்டியைப் பாருங்க.” அடுத்த நாள், ஏழு நாள் தாண்டிவிட்டதாம். அதற்கடுத்து பதிலே இல்லை.

பயனீட்டாளர் (நுகர்வோர்) நடுவர் மன்றத்துக்குப் போ என்றான் மச்சான். 5 வெள்ளி கட்டினால் வழக்குப் பதியலாம், உண்மைதான். ஆனால் மறுவிற்பனைக்கும் உற்பத்திக்கும் வாங்கிய சரக்கை 1999 பயனீட்டாளர் சட்டம் சேர்த்துக்கொள்ளாது. வீட்டுக்கு வாங்கியவர்கள் தாராளமாகப் போகலாம்.

நீல பிளாஸ்டிக்கை யார் வேண்டுமானாலும் வார்க்கலாம். டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள்: நிஜ 3.0 என்றால் நாலும் ஐந்துமாக இரண்டு வரிசை பின் தெரியும். கரண்ட் கம்பி 24 கேஜ் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலிசு; 28 என்றால் டிஸ்க்குக்கு வேண்டாம். சரக்கு கைக்கு வந்து காதை அளக்கும் வரை தகட்டில் டிரில் வைக்காதீர்கள்.

பழைய கடையில் 32 வெள்ளிக்கு வேறு வாங்கினேன். அதன் காது சரியாக 30. ஆனால் நான்தான் தகட்டை 28க்கு ராவி ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டேனே! இப்போது அடியில் வாஷர் கொடுத்து நிற்கிறது. தலைவர் கண்ணில் அது பட்டுக்கொண்டேதான் இருக்கிறது.